ஏரிக்கு முதுகு காட்டிய வீடுகள்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பல வருடங்கள் பஸ்ஸில் போய் வந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் எனக்குச் சித்திரப் பாடம். காலி வீதி முடிந்து கோட்டைப் பக்கம் போகும் வழியில் பேரே வாவியின் ஒரு துண்டு தெரியும். அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் இருப்பவர்கள் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். நானும் மூடுவேன். வெயில் காலத்தில் அந்தப் பச்சைத் தண்ணீரின் நாற்றம் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வகுப்புவரை வரும். அக்கரையில் ஒன்றோடொன்று தோள் முட்டி நின்ற தகரக்கூரை வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பை அழகாக்கும் வேலை எல்லாப் பக்கமும் நடந்தது. மதில்கள் இடிக்கப்பட்டன, நடைபாதைகளுக்குக் கல் பதிக்கப்பட்டது, கண்ட சுவரிலெல்லாம் யாரோ படம் வரைந்தார்கள். அந்த நாட்களில்தான் ஒரு இளம் சிங்களப் பெண் எங்கள் பாடசாலைக்கு வந்தாள். கட்டட வடிவமைப்புப் படித்தவள். ஏரிக்கரையில் இருக்கும் மக்களும் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து ஏதாவது செய்யவேண்டும், அது கரையிலேயே நிற்கவேண்டும், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கவேண்டும் என்று சொன்னாள். அவளுக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் வரும். எங்கள் அதிபர் ஒரு கன்னியாஸ்திரி. எல்லாரும் சிஸ்டர் என்போம். அவர் என்னைப் பார்த்து, “சனிக்கிழமைகளில் போவீங்களா?” என்று கேட்டார். போவேன் என்றேன்.

அவள் கொண்டுவந்த யோசனை எளிமையானது. ஏரியோரத்தில் ஒரு வரிசை வீடுகள். எல்லா வீடுகளுக்கும் வாசல் உள்பக்கத்தில், சந்துபோன்ற ஒடுங்கிய ஒழுங்கையில். பின்சுவர்தான் ஏரியைப் பார்க்கும். கக்கூசும் குசினியும் அந்தப் பக்கம். அடுத்த கரையில் அலுவலகங்களும் நடைபாதையும் இருப்பதால், அங்கிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது அந்த அழுக்குப் பின்சுவர்கள் மட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாணவிகள். அந்த வீட்டு ஆட்களோடு கதைத்து, அவர்கள் சொல்வதை வைத்துப் பின்சுவரில் ஒரு படம். சுவருக்கு முன்னால், தண்ணீரில், மூங்கிலும் வெறும் பிளாஸ்டிக் போத்தல்களும் சேர்த்துக் கட்டிய தெப்பங்கள். அவற்றில் கல்வாழையும் வெட்டிவேரும். செடியின் வேர் தண்ணீரைச் சுத்தமாக்கும் என்றாள்.

முதல் சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் போனதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். நான் தாழ்ந்த குரலில் அதட்டினேன். கடைசி வீட்டு வாசலில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். முஸ்லிம் பெண், ஐம்பது வயதுக்குள் இருக்கும். காலையில் அந்த ஒழுங்கைக்கும் பக்கத்து அலுவலகக்காரர்களுக்கும் இடியப்பம் அவித்து விற்பவர்.

“மூக்கப் பொத்தினதுக்கு ஏசாதீங்க டீச்சர்,” என்றார். “எங்களுக்கும் நாறுறதுதான்.”

பிள்ளைகள் கைக்குட்டைகளை மெல்ல இறக்கினார்கள்.

அந்த வரிசையில் எல்லாச் சாதி மனிதர்களும் இருந்தார்கள். சிங்களக் குடும்பங்கள், மலே குடும்பம் ஒன்று, தமிழர், முஸ்லிம்கள். நடு வீட்டில் துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற கத்தோலிக்கத் தமிழர் ஒருவர். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், கலியாணம் செய்து ஏரிக்கரைக்கு வந்தவர். எங்கள் பாடசாலைப் பெயரைக் கேட்டதும், “எங்கட சிஸ்டர்மாருடைய பிள்ளைகள்,” என்று சொல்லி எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிவந்தார். தன் வீட்டுச் சுவரில் பாரந்தூக்கி ஒன்று வரையவேண்டும் என்றார். “சின்னனா வேணாம். நிஜத்தில இருக்கிற மாதிரி, ஆள் மேல பாக்கணும்.” இன்னொரு வீட்டுக்காரர் தன் முச்சக்கரவண்டியைக் கேட்டார். ஒரு இளம் தாய், தனக்குப் படம் வேண்டாம், குளியலறைக்கு ஒரு கதவுதான் வேண்டும் என்றார். வடிவமைப்பாளர் அதையும் குறித்துக்கொண்டாள். கதவும் பிறகு வந்தது.

அன்றே, ஒழுங்கையில் எல்லாரும் கூடி உட்கார்ந்திருந்தபோது ஒருவர் எழுந்து கேட்டார். “பெயின்ட் அடிச்சா வீட்ட உடைக்க மாட்டாங்களா?”

எல்லாரும் வடிவமைப்பாளரைப் பார்த்தார்கள். நான் சிங்களத்தில் சொன்னேன். அவள் முகம் சிவந்துபோய், “எனக்குத் தெரியாது,” என்றாள். அப்படியே தமிழில் சொன்னேன். பொய் சொல்லாததாலோ என்னவோ, யாரும் எழுந்து போகவில்லை.

கடைசி வீட்டுப் பெண் மட்டும் மறுத்தார். “எங்கட செவத்துல ஒண்டும் கீற வாணாம். மத்த வீட்டுல செய்ங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

அவர் வீட்டுப் பின்சுவரை ஏரிப் பக்கமிருந்து பார்த்தேன். மற்றவர்களுக்குக் குசினி யன்னல் இருந்த இடத்தில் இவருக்குப் பலகை அடித்திருந்தது. மழையில் கறுத்த பலகை. ஆணிகள் துருப்பிடித்து, கீழே செம்மண் நிறத்தில் ஒழுகியிருந்தது.

துறைமுகத்தில் வேலை செய்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “அங்க கேக்காதீங்க டீச்சர். சின்ன மகன் தண்ணியில போயிட்டான். மூண்டாம் வகுப்புப் படிச்சவன். பந்து எடுக்க இறங்கினான். ஒழுங்கையில விளையாடுறான் எண்டுதான் தாய் நினைச்சிக்கிட்டு இருந்தா. அந்த யன்னலால பாத்துத்தான் கண்டா.”

அடுத்த நாளே கணவர் பலகை அடித்தாராம். கணவர் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. கரையோரமாக ஒரு வேலி போட்டுத்தரச் சொல்லி, கேட்கவேண்டிய இடங்களில் எல்லாம் அந்த மனிதர் கேட்டிருக்கிறார். வந்து அளந்துகொண்டு போனார்கள். அதோடு சரி.

அந்தக் கடைசி வீட்டுக்கு நான் ஒதுக்கியிருந்தது ஒரு மாணவியை மட்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்ததால் அவள் தனித்துப்போனாள். பத்தாம் வகுப்பு. வன்னியிலிருந்து வந்தவள். தாய் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். இவளைப் படிப்புக்காக ஜிந்துப்பிட்டியில் மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள். வகுப்பில் முன்னால் வைத்த குடத்தையும் வாழைப்பழத்தையும் நிழலோடு அப்படியே வரைவாள். மனதிலிருந்து ஏதாவது வரையுங்கள் என்றால் தாளை வெறுமையாகத் தருவாள். நான் அதற்குப் புள்ளி குறைத்ததில்லை; கேள்வியும் கேட்டதில்லை.

அவளை வேறு வீட்டுச் சோடியோடு சேர்த்துவிட்டேன். ஆனால் வேலை தொடங்கியதும் அவள் ஏரிப் பக்கம் வரவில்லை. வீடுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கக்கூடிய சீமெந்துக் கட்டு இருந்தது. அதில் சாரம் கட்டி, பலகை போட்டு, பிள்ளைகள் நின்று சுவரைச் சுரண்டினார்கள். இவள் ஒழுங்கையில் வெயிலில் நின்றாள்.

“ஏன் பிள்ளை, மற்றவை எல்லாரும் அங்கால நிக்கினம்.”

“நான் இஞ்ச நிக்கிறன் டீச்சர்.”

“தலை சுத்துதா?”

“இல்லை டீச்சர். தண்ணி.”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் அவளை வற்புறுத்தவில்லை. வன்னியிலிருந்து கடைசி நாட்களில் வந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் கடந்து வந்தார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கழுத்தளவு கடல்நீரேரி. பின்னால் ஷெல். அதைப் பற்றி அந்த நாட்களில் கொழும்பில் யாரும் சத்தமாகக் கதைக்கமாட்டோம். பஸ்ஸில் கதைக்கவே மாட்டோம்.

சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது ஒழுங்கையில் அவளைக் காணவில்லை. தேடிப் போனேன். கடைசி வீட்டுக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

“புள்ள வெயில்ல நிண்டா,” என்றார் அந்தப் பெண். “நான்தான் கூப்பிட்ட. ஏசாதீங்க.”

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் நேரே அந்த வீட்டுக்குப் போனாள். நான் பார்த்த நேரங்களில் இருவரும் பெரிதாகக் கதைப்பதாகத் தெரியவில்லை. அவர் மாவு குழைப்பார், இவள் இடியப்ப உரலில் பிழிவாள். சட்டிகளைக் கழுவி அடுக்குவாள். அந்தக் குசினியில் பகலிலும் மின்குமிழ் எரியும். பலகை அடித்த யன்னலால் வெளிச்சம் வராது. ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “என்ன கதைப்பீங்கள் ரெண்டு பேரும்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்லை டீச்சர்.” கொஞ்சத் தூரம் போனபின், “அந்த ஆன்ரியும் அந்தப் பக்கம் போறேல்ல,” என்றாள்.

வேறொரு நாள் அந்தப் பெண் என்னிடம் சொன்னார். “அந்தப் புள்ளைக்கு ஒரு தம்பி இருந்தீக்கி டீச்சர்.”

“ஓம்,” என்றேன். எனக்கு அது அதுவரை தெரியாது.

“எண்ட மகன்ட வயசுதான்.”

நான் மேலே கேட்கவில்லை. இன்றுவரை அந்தத் தம்பிக்கு என்ன நடந்தது என்று முழுதாக எனக்குத் தெரியாது. அவள் அதை ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதுபோதும்.

சுவர்கள் மெல்ல மெல்ல நிறம் பெற்றன. பாரந்தூக்கி கூரைக்குமேல் போகப் பார்த்தது. அதை வரைந்த பிள்ளைகளை அந்த மனிதர் அருகில் நின்று, “கம்பி இன்னும் தடிப்பு,” “கொக்கி இந்தப் பக்கம் வளையும்,” என்று படாதபாடு படுத்தினார். மலே வீட்டில் பெரிய மாதுளம்பழங்கள். முச்சக்கரவண்டியின் பின்பக்கத்தில் என்ன வாசகம் எழுதுவது என்று ஒரு குடும்பத்துக்குள்ளே சண்டை வந்து, கடைசியில் ஒன்றும் எழுதாமல் விட்டார்கள். ஒழுங்கைப் பெண்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சிங்களத்தில் ‘துவே’ என்று கூப்பிடுவார்கள், அடுத்த வீட்டில் ‘மகள்’, கடைசி வீட்டில் ‘புள்ள’. எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பதில் கொடுக்கப் பழகினார்கள்.

வடிவமைப்பாளர் ஒருநாள் அடுத்த கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து தயங்கியபடி சொன்னாள். “டீச்சர், அந்தக் கடைசி வீடு மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. நான் ஒருதடவை கேட்டுப் பார்க்கட்டுமா?”

“கேட்கவேண்டாம்,” என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவள் தண்ணீரை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, சாரத்தின் பலகைகளைச் சரிபார்க்கப் போனாள். பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். ஆனாலும் நடந்தது.

அன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. தெப்பம் ஒன்றைத் தண்ணீரில் இறக்கும் வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, எப்போதும் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறவள், கயிற்றைப் பிடிக்கிறேன் என்று கட்டின் ஓரத்துக்குப் போனாள். பாசி. கால் வழுக்கியது. தெப்பத்துக்கும் கட்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் போய்விட்டாள். தண்ணீர் மூடிக்கொண்டது. கத்தியது மற்றப் பிள்ளைகள்தான்.

நான் பாரந்தூக்கிச் சுவரின் அருகில் நின்றேன். துறைமுகத்துக்காரர் செருப்போடு குதித்தார். தண்ணீர் அவருக்கு நெஞ்சளவு, கீழே சேறு. அவர் தெப்பத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு கையால் துழாவினார். அந்த நேரத்தில் கடைசிக்கு முந்திய வீட்டுப் பின்கதவு திறந்து கடைசி வீட்டுப் பெண் ஓடிவந்தார். அவர் வீட்டிலிருந்து ஏரிக்கு வழி இல்லை. பக்கத்து வீட்டுக்குள்ளால் வந்திருக்கிறார். வந்த வேகத்தில் கட்டின்மேல் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டார். பாதி உடம்பு வெளியே தொங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் அவரும் உள்ளே விழுந்திருப்பார். அவருக்குப் பின்னால் வந்தவள் அந்த வன்னிப் பிள்ளை. முழங்காலில் விழுந்து அவருடைய இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண்களை இறுக மூடியிருந்தாள். பிடியை விடவில்லை.

துறைமுகத்துக்காரரின் கையில் சட்டை அகப்பட்டது. அவர் மேலே தூக்க, படுத்திருந்தவர் பிள்ளையின் பின்னலைப் பிடித்து இழுத்தார். கட்டின்மேல் ஏற்றியதும் பிள்ளை கறுப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் நான் ஓடிப்போனேன்.

முச்சக்கரவண்டிக்காரர் வண்டியை எடுக்கப் போனார். அதற்குள் கடைசி வீட்டுக்காரி பிள்ளையை ஒழுங்கைக் குழாயடிக்குக் கொண்டுபோய், சவர்க்காரம் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். காதுக்குள், நகத்துக்குள், தலைமயிருக்குள் எல்லாம் தேய்த்துக் கழுவினார். “போதும்,” என்று யாரோ சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. வன்னிப் பிள்ளைதான் கையைப் பிடித்து, “ஆன்ரி, போதும், அவளுக்குக் குளிருது,” என்றாள். அப்போது நிறுத்தினார்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெற்றோர் பாடசாலைக்கு வந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “இனிப் போகவேண்டாம்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் வடிவமைப்பாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவள் அழுவது கேட்டது. சுவர்கள் பாதியில் நின்றன. மாதுளம்பழம் சிலவற்றுக்குச் சிவப்பு அடிக்கவில்லை. வன்னிப் பிள்ளை மட்டும் சனிக்கிழமைகளில் எங்கே போனாள் என்பது எனக்குத் தெரியும். மாமிக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஒரு மாதம் இருக்கும். பாடசாலை அலுவலகத்துக்கு என்னை அழைத்தார்கள். உள்ளே நீள வாங்கில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்துக்காரர் ஞாயிறு பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கதவு கேட்ட இளம் தாய், மலே வீட்டுப் பெண், கடைசி வீட்டுப் பெண். வன்னிப் பிள்ளை கதவருகில் சீருடையில் நின்றாள். பஸ் மாறி அவர்களைக் கூட்டிவந்தது அவள்தான்.

“பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேக்க வந்தோம் சிஸ்டர்,” என்றார் துறைமுகத்துக்காரர்.

சிஸ்டர், “எனக்கு அவங்களுடைய தாய் தகப்பனுக்குப் பதில் சொல்ல வேணும்,” என்றார்.

“வேலி போட்டுட்டோம்,” என்றார் கடைசி வீட்டுப் பெண்.

“எந்த வேலி?”

“கட்டோட ஓரமா. முதல் வீட்டுல இருந்து எண்ட வீடு வரைக்கும். நாங்களே போட்ட. நீங்க வந்து பாருங்க சிஸ்டர். பாத்துட்டு வாணாம் எண்டா நாங்க ஒண்டும் கேக்க மாட்டம்.” கொஞ்சம் நிறுத்தி, “எண்ட மகன்ட வாப்பா கேட்டுக் கேட்டு அலைஞ்ச. ஒத்தரும் போட்டுத் தரல்ல. இப்பிடி நாங்களே போட ஏலும் எண்டு அந்த நேரம் எங்களுக்குத் தோணல்ல,” என்றார்.

சிஸ்டர் எழுந்து குடையை எடுத்தார்.

நாங்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போனோம். வேலி நின்றது. அதை வேலி என்று சொல்வதா என்னவென்று தெரியவில்லை. பழைய தண்ணீர்க் குழாய், கட்டில் சட்டங்கள், ஒரு படிக்கட்டின் கைப்பிடி, யாருடையதோ தொட்டிலின் கம்பிகள், கப்பலில் இருந்து கழித்த தடித்த கயிறு. கிடைத்ததை எல்லாம் சீமெந்தில் நட்டு, ஒழுங்கையில் இருந்த வெல்டிங்காரர் ஒட்டவைத்திருந்தார். வடிவமைப்பாளரும் அங்கே நின்றாள். கைகளில் சூட்டுக் காயங்கள். எங்களுக்குத் தெரியாமல் இத்தனை வாரமும் வந்து அவர்களோடு வேலை செய்திருக்கிறாள்.

சிஸ்டர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு வேலியை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நாலைந்து அடி நடந்து மறுபடி ஆட்டினார். அப்படியே கடைசி வீடுவரை போனார். திரும்பி வந்து, “சனிக்கிழமை வருவாங்க,” என்றார்.

பெற்றோர்களில் சிலர் அனுப்பவில்லை. விழுந்த பிள்ளையின் தாய் தானே கூட வந்தார். பிள்ளைகள் வேலிக்கும் நிறம் அடித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நிறம். ஒழுங்கைப் பெண்கள் கிழிந்த சேலை, சாரம், பர்தாத் துணி எல்லாம் கிழித்துக் கொடுக்க, கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடங்களில் சுற்றிக் கட்டினார்கள். அடுத்த கரையில் நடப்பவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள்.

கடைசி வீட்டின் பலகையை அவர் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினார் என்று வன்னிப் பிள்ளை சொன்னாள். “ஆன்ரிதான் கழட்டச் சொன்னவா.” நான் போனபோது புதிய கம்பிச் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சுவரில் என்ன வரையப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்டும் வாணாம் டீச்சர். வெள்ள அடிச்சா போதும்.”

அவரும் வன்னிப் பிள்ளையுமாகச் சேர்ந்து அடித்தார்கள். அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்தபடி, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கை எப்போதும் வேலியைப் பிடித்திருந்தது. அந்த ஒரு கையால் அவளால் எவ்வளவு எட்டுமோ அவ்வளவு அடித்தாள். மீதியை அவர் அடித்தார். முடித்துவிட்டு அவர் உள்ளே போய் யன்னலால் வெளியே பார்த்தார். நான் தள்ளி நின்றேன். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. உலையில் தண்ணீர் கொதித்திருக்கவேண்டும். சற்றுப் பொறுத்துத் திரும்பிப் போனார்.

திறப்புவிழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். அடுத்த கரையில் பந்தல் போட்டு, அங்கிருந்தே பார்த்தார். நிறங்களைப் புகழ்ந்து பேசினார். வேலியை ஒரு கலைப்படைப்பு என்றார். அதைக் கேட்டு ஒழுங்கைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டு வருடமோ மூன்று வருடமோ, அந்தச் சுவர்கள் நின்றன. தெப்பங்கள் முன்னமே அழுகிப் போய்விட்டன, அதைச் சொல்லவேண்டும். ஏரி மணத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பிறகு அந்த நிலம் வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. வீட்டுக்காரர்களுக்குத் தொடர்மாடியில் வீடு கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிக் கொடுத்ததால் ஒருவருக்கு மூன்றாம் மாடி, இன்னொருவருக்குப் பதினோராம் மாடி என்று சிதறிப்போனார்கள். வடிவமைப்பாளர் எங்கெங்கோ போய்க் கதைத்துப் பார்த்தாள்; நடக்கவில்லை. இடித்த நாளில் நான் போகவில்லை. அவள் போயிருந்தாள். வேலியைப் பழைய இரும்பு வாங்குபவர்கள் வெட்டி எடுத்தார்கள் என்று சொன்னாள்.

வன்னிப் பிள்ளை உயர்தரம் எழுதி, தாதியர் பயிற்சிக்குப் போனாள். இப்போதும் கொழும்பில்தான் வேலை. பெருநாளுக்கு அந்தத் தொடர்மாடிக்குப் போவாள். தாய் ஊரிலிருந்து வந்தால் தாயையும் கூட்டிப்போவாள். எனக்கும் சொல்லுவாள், நான் அநேகமாகப் போவதில்லை.

கடைசியாக நான் போனது துறைமுகத்துக்காரரின் மரணத்துக்கு. அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். அவர் இருந்தது ஒன்பதாம் மாடியில். சின்ன அறை; பெட்டியை நடுவில் வைத்தால் சுற்றிவர ஆள் நிற்க இடமில்லை. யன்னலுக்கு வெளியே கொலன்னாவைப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகள் வெயிலில் மின்னின. கடைசி வீட்டுப் பெண் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். இடியப்ப வியாபாரம் இப்போது இல்லையாம். “எங்கட ஆறாம் மாடிக்கு ஏறி வந்து ஆரு வாங்குற டீச்சர்?” என்றார்.

“உங்கட யன்னலால என்ன தெரியும்?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

“ரோட்டுத் தெரியும். நல்ல காத்து வரும்.”

பெட்டியை எடுக்கும் நேரம் வந்தது. மின்தூக்கிக்குள் பெட்டி போகாது. நிமிர்த்தினால் போகும் என்று ஒரு இளைஞன் சொன்னான். ஒழுங்கைக்காரர்கள் ஏற்கெனவே வந்து நின்றார்கள். பல மாடிகளிலிருந்து, பக்கத்துக் கட்டடத்திலிருந்தும். முச்சக்கரவண்டிக்காரர், வெல்டிங்காரர், மலே வீட்டு மகன், துணிக்கடையில் வேலை செய்த அந்தக் கணவர். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். படிக்கட்டு ஒடுக்கம். திருப்பங்களில் தலைப்பக்கத்தை உயர்த்தி, கால்பக்கத்தைத் தாழ்த்தி, ஒருவருக்கொருவர் சிங்களத்திலும் தமிழிலும் “மெல்ல, மெல்ல” என்று சொல்லிக்கொண்டு இறக்கினார்கள். பெண்கள் பின்னால் இறங்கினோம். கடைசி வீட்டுப் பெண்ணின் முழங்காலில் வலி. வன்னிப் பிள்ளை அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு படிபடியாக இறக்கினாள்.

கீழே வண்டி நின்றது. ஆண்கள் கொட்டாஞ்சேனைக் கோவிலுக்கும் பிறகு அடக்கத்துக்கு மாதம்பிட்டிச் சேமக்காலைக்கும் போனார்கள். வண்டி திரும்பி மறையும்வரை மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். பிறகு படியேறத் தொடங்கினார்கள். மின்தூக்கி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் எல்லாரும் சேர்ந்து படியால் ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர், இருவர் நின்று, “அப்ப வாறம்” என்று சொல்லிப் பிரிந்துபோனார்கள். ஆறாம் மாடியில் மற்றவர்கள் மேலே ஏறிப்போக, கடைசி வீட்டுப் பெண்ணும் வன்னிப் பிள்ளையும் நானும் மட்டும் நின்றோம். அவர் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து, “உள்ளுக்கு வாங்க, கொஞ்சம் இருந்துட்டுப் போங்க,” என்றார்.